1,150 ரூபாய்ப் பெட்டியும் பியாஜேயின் கிளியும்

பேத்திக்கு எட்டு மாதம் முடிந்த வாரம் மருமகள் இணையத்தில் இந்தப் பெட்டியை வரவழைத்தாள். விலை 1,150 ரூபாய். பைன் மரத்தில் செய்த பெட்டி. மேலே ஒரு வட்டத் துளை, முன்னால் ஒரு தட்டு. துளையில் பந்தைப் போட்டால் உள்ளே சரிந்து தட்டில் வந்து விழும். அவ்வளவுதான். ஆனால் அட்டையில், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் கோட்பாட்டின்படி பொருளின் நிலைத்தன்மையை, அதாவது கண்ணில் படாவிட்டாலும் பொருள் இருக்கிறது என்பதைக் கற்பிக்கும், மூளை வளர்ச்சியை விரைவுபடுத்தும் என்று அச்சிட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1983-ல் பி.எட். தேர்வுக்காக அந்த மனிதர் குழந்தையின் சிந்தனை வளர்ச்சிக்கு வகுத்த நான்கு பருவங்களையும் வயதோடு உருப்போட்டு மதிப்பெண் வாங்கியவள் நான். அதன்பிறகு முப்பது வருடம் வகுப்பெடுத்தபோது ஒருநாள்கூட அவர் நினைவுக்கு வந்ததில்லை.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மரம் நல்ல மரம். விளிம்புகளை நன்றாக இழைத்திருக்கிறார்கள். பேத்தி கடித்துப் பார்த்தும் சிராய் ஏறவில்லை. பந்தும் அவள் வாய்க்குள் போகாத அளவு பெரியது. வார்னிஷ் வாடை போகத்தான் மூன்று நாள் மொட்டைமாடி வெயிலில் வைக்கவேண்டியிருந்தது. தட்டின் விளிம்பு தாழ்வு. பந்து துள்ளிக் கட்டிலுக்கடியில் ஓடிவிடும். அதைக் குனிந்து எடுப்பது என் முழங்காலின் தலையெழுத்து.

பெரிய குறை வேறு. இந்தப் பெட்டியில் பந்து மறைவதே இல்லை. உள்ளே போன நொடியிலேயே வெளியே வந்துவிடுகிறது. பியாஜேயின் சோதனையில் பொருள் துணிக்கடியிலேயே கிடக்கும். குழந்தை துணியை விலக்கித் தேடினால்தான், கண்ணில் படாவிட்டாலும் பொருள் இருக்கிறது என்பது அதற்குப் பிடிபட்டிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். இங்கே தேடுவதற்கு என்ன இருக்கிறது? இழுப்பறை வைத்த மாதிரியும் விற்கிறார்கள். வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் அதை வாங்குங்கள்.

அட்டையால் வந்த ரோசத்தில் பியாஜேயை மறுபடி படித்தேன். 1896-ல் ஸ்விட்சர்லாந்தின் நூஷாத்தெலில் பிறந்தவர். பத்து வயதில், தான் பார்த்த வெள்ளைக் குருவி ஒன்றைப் பற்றி இயற்கை அறிவியல் இதழில் சிறு குறிப்பு எழுதியவர். முனைவர் பட்டம் வாங்கியதோ நத்தை இனங்களைப் பற்றி. பிறகு பாரிஸில் குழந்தைகளுக்கு அறிவுத் தேர்வு வைக்கும் வேலை கிடைத்தது. சரியான விடைகளை எண்ணச் சொன்னார்கள். இவருக்குக் கண் போனது தவறான விடைகள்மீது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரேமாதிரி தவறுகிறார்களே, அப்படியானால் இது அறியாமை அல்ல, வேறொரு தர்க்கம் அல்லவா என்று யோசித்தார். இதைப் படித்தபோது, நான் சிவப்பு மையால் போட்ட பெருக்கல் குறிகள் எல்லாம் ஒருமுறை கண்முன் வந்துபோயின.

1925-லிருந்து அவர் வீட்டில் மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். நத்தையைக் கவனித்த அதே பொறுமையோடு தன் பிள்ளைகளையும் கவனித்து நாள் கணக்கோடு எழுதிவைத்தார். மூத்தவள் ஜாக்லினுக்குப் பத்து மாதம் 18 நாள். அவளுடைய பொம்மைக் கிளியை மெத்தையின் இடப்பக்கத்துக்கு அடியில் இரண்டுமுறை ஒளித்தார், எடுத்துவிட்டாள். மூன்றாவது முறை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக வலப்பக்கத்துக்கு அடியில் வைத்தார். அவளோ திரும்பி இடப்பக்கம்தான் தேடினாள்.

அமெரிக்கர்கள் அவருடைய வளர்ச்சிப் பருவங்களைக் குழந்தைகளை வேகமாகத் தாண்டவைக்க முடியாதா என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், அந்தக் கேள்விக்கு 'அமெரிக்கக் கேள்வி' என்றே பெயர் வைத்திருந்தார். அப்படிப்பட்டவர் பெயரைப் போட்டு 'விரைவுபடுத்தும்' என்று விற்கிறார்கள்!

அவர் சொன்னதெல்லாம் வேதம் என்று சொல்லவில்லை. கைநீட்டித் தேடாத குழந்தைக்குப் பொருள் இருப்பதே தெரியாது என்று முடிவுகட்டியது அவசரம். 1985-ல் ரெனே பையார்ஜோன், எலிசபெத் ஸ்பெல்கே முதலிய ஆராய்ச்சியாளர்கள் குழந்தைகள் எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறார்கள் என்று அளந்தார்கள். எதிர்பாராதது நடந்தால் குழந்தை கூடுதல் நேரம் பார்க்கும் என்பது கணக்கு. மறைந்த பொருள் அங்கேதான் இருக்கிறது என்று ஐந்து மாதக் குழந்தைகளே எதிர்பார்ப்பதாகத் தெரிந்தது. ஆக, எட்டு மாதக் குழந்தைக்கு இதைக் 'கற்பிக்க' ஒரு பெட்டி எதற்கு?

ஆனாலும் பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. முதல் வாரம் அவள் பந்தை நக்கினாள், பெட்டியைக் கவிழ்த்தாள். ஒன்பதாவது மாதத்தில் ஒருநாள் தானாகவே பந்தைத் துளையில் போட்டாள். தட்டில் பந்து வந்து கிடக்க, இவள் துளைக்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு காட்சிக்காக ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அட்டையில் இருக்கும் வாசகத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது.

அவளுக்குப் பத்து மாதம் ஆனதும் பீரோச் சாவியை இடப்பக்கத் தலையணைக்கடியில் இரண்டுமுறை ஒளித்து, மூன்றாவதாக வலப்பக்கம் வைத்தேன். நேரே இடப்பக்கம் போனாள். மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அத்தை, பாவம், குழந்தையை ஏமாற்றாதீர்கள்" என்றாள்.

இப்போது பதினோரு மாதம். கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு "காக்காய் கொண்டுபோய்விட்டது" என்று கைவிரித்தால் வானத்தைப் பார்ப்பதில்லை. தவழ்ந்து என் முதுகுப்பக்கம் வந்துவிடுகிறாள்.