நாய் நிற்கும் படம்: காரைக்குடியில் ஒரு வரலாற்றுப் பயிலரங்கு

ஒன்பதாம் வகுப்புக்கு அமெரிக்கப் புரட்சியைப் பதினான்கு ஆண்டுகளாக நடத்துகிறேன். இதற்கு ஒரு பயிற்சியா என்ற அலுப்போடுதான் அந்த இரண்டு நாள் பயிலரங்குக்குப் போனேன்.

முதல் நாள் காலை வாழ்த்துரைகளிலேயே போய்விட்டது. மதியம்தான் கையில் ஒரு படம் தந்தார்கள்: பிரிட்டிஷ் வீரர்கள் கூட்டத்தைச் சுட்ட 1770 பாஸ்டன் படுகொலையை, பிரிட்டிஷாரை எதிர்த்த பாஸ்டன்காரர் பால் ரிவியர் செதுக்கிய அச்சுப்படம், அருங்காட்சியகத் தொகுப்பிலிருந்து எடுத்தது. ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். கல்லலில் இருந்து வந்த டீச்சர்தான் முதலில் கண்டுபிடித்தார்: "சார், வீரர்களுக்குப் பின்னால் பலகையைப் பாருங்கள், கசாப்புக்கூடம் என்று எழுதியிருக்கிறது!" வீரர்களைக் கசாப்புக்காரர்களாகக் காட்ட ரிவியர் சேர்த்தது அது. அவர்கள் வரிசை கட்டிச் சுடுவதும் அந்த ரகம்தான், நடந்ததோ தெருக் கலவரம். சான்றும் கட்சி கட்டும் என்று நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு வருத்தம். 1773இல் தேயிலை வரியை எதிர்த்துப் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட திருப்பத்தூர் இதோ பக்கத்தில் இருக்கிறது. அதே கம்பெனி! 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ்தான் 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். இதைச் சொல்ல வேண்டாமா?

கொடுத்த பிரதிகள் மங்கல். சாப்பாட்டில் கவுனி அரிசி இனிப்பை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை படத்தை வகுப்பில் ஒட்டினேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான்: "ஐயா, இவ்வளவு துப்பாக்கிச் சூட்டிலும் அந்த நாய் ஏன் ஓடவில்லை?"