பழைய ஜீவனாம்ச பாக்கிக்கு வந்த நோட்டீஸும் ஒரு வழக்கறிஞர் அலுவலகமும்

2024 ஜனவரியில் மேலூரில் உள்ள என் லேத் பட்டறைக்குப் பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. என் மகளுக்கு மாதம் 800 ரூபாய் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 2004-இல் இடப்பட்ட உத்தரவைக் காட்டி, அந்த ஆண்டு ஜனவரி முதல் 2023 டிசம்பர் வரை இருபது ஆண்டுகளுக்கு 1,92,000 ரூபாயைப் பதினைந்து நாளில் செலுத்த வேண்டும், தவறினால் வாரண்ட் கோருவோம் என்று அதில் எழுதியிருந்தது. விவரம் தெரிந்தவர் என்று நான் நம்பிய ஒருவர், "ஒரு வருஷம் தாண்டுனா எதுவும் செல்லாதுண்ணே, கிழிச்சுப் போடுங்க" என்றார். எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் தூக்கம் வராததால், மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்கு அருகே கே.கே.நகரில் இருக்கும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனேன். குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

அங்கே இருப்பவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண் வழக்கறிஞர். நோட்டீஸை இரண்டு முறை படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாதம் கொடுத்தீர்கள், எத்தனை மாதம் கொடுக்கவில்லை?" என்பதுதான். சட்டத்தைப் பற்றிப் பேசத் தயாராகப் போயிருந்த எனக்கு அதற்குப் பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது.

மறுநாள் பழைய பிஸ்கட் டப்பாவில் கிடந்த மணியார்டர் சீட்டுகளைக் கொண்டுபோனேன். குமாஸ்தா ஒரு நீள நோட்டில் மாதவாரியாகக் கோடு போட்டு, ஒவ்வொரு சீட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தபால் முத்திரையில் தேதி தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதினார். மொத்தம் 52 சீட்டுகள் இருந்தன. அவற்றில் 47-இல் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து இருந்தது. மீதி ஐந்தும் பணம் கட்டியபோது கவுண்டரில் கொடுத்த ரசீதுகள் மட்டுமே. "இந்த அஞ்சையும் அவங்க ஒத்துக்கிட்டாத்தான் உண்டுண்ணே" என்று சொல்லி, அவற்றைத் தனியாக ஒரு கிளிப்பில் மாட்டினார். அந்த ஒன்றரை மணி நேர வேலைக்காகவே இந்த அலுவலகத்தைப் பரிந்துரைப்பேன்.

சட்டத்தைப் பற்றி அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவு) ஓராண்டு வரம்பு உண்மையிலேயே இருக்கிறது. தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யாவிட்டால், வாரண்ட் மூலம் வசூலிக்கும் வழி அடைபட்டுவிடும். ஆனால் அதனால் பாக்கியே அழிந்துவிடாது என்றும், சிவில் வழக்கின் வழி அவர்களுக்கு எஞ்சியிருக்கிறது என்றும் உச்ச நீதிமன்றம் 2013-இல் பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில் கூறியிருக்கிறது. அதே தீர்ப்பின்படி, முன்பே உரிய காலத்தில் தாக்கலான மனு ஒன்று நிலுவையில் இருந்தால், அதற்குப் பின் சேர்ந்த பாக்கியையும் அதிலேயே கேட்கலாம். ஆகவே அப்படி ஒரு மனு கிடக்கிறதா என்று நீதிமன்றப் பதிவேட்டில் பார்த்த பிறகுதான் பதில் நோட்டீஸ் எழுத முடியும் என்றார். அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அப்படி எதுவும் இல்லை. நான் முதலில் நம்பிய ஆள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது கணக்கு. மகளுக்கு 2016 டிசம்பரில் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதால் அந்த உத்தரவின் கணக்கு 156 மாதங்களோடு நிற்கிறது. 52 மாதம் கொடுத்தது போக 104 மாதம், அதாவது 83,200 ரூபாய். வாரண்ட் பயம் இல்லை என்றானபின் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். "கொடுக்க வேண்டாம் என்று வாதாட என்னால் முடியும், ஐயா. கொடுக்கவில்லை என்பதை இல்லை என்று வாதாட முடியாது" என்றார். அதற்குமேல் அவர் என்னை வற்புறுத்தவில்லை.

கொடுப்பதென்று நானே முடிவு செய்தேன். கையில் கொடுத்து வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்ற என் யோசனையை அவர் ஏற்கவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகப் பதிவு செய்தால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, மறுபடி எவரும் நோட்டீஸ் அனுப்ப இடமிருக்காது என்பது அவர் சொன்ன காரணம். எதிர்த்தரப்பு அந்த ஐந்து ரசீதுகளையும் ஒப்புக்கொண்டது; தொகை மூன்று தவணையாக முடிந்தது.

இனி குறைகள். மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஏழரைக்குத்தான் பார்ப்பார்கள். முதல் மாடிக்குப் போகும் படிக்கட்டு செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். பதில் நோட்டீஸின் முதல் படியில் என் மகளின் பெயரையே தவறாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். நான் கவனித்திராவிட்டால் அப்படியே போயிருக்கும். ஆலோசனைக்கு 1,000, பதில் நோட்டீஸுக்கு 3,500 என்ற கட்டணம் நியாயமானதே. ஆனால் இரண்டு முறை கேட்ட பிறகுதான் ரசீது கொடுத்தார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மாவட்டந்தோறும் இருக்கிறது; பாக்கி கேட்கும் நிலையில் இருப்பவர்கள் முதலில் அங்கே போகலாம். என்னைப் போல் கேட்கப்படும் நிலையில் இருப்பவர்கள் இந்த அலுவலகத்துக்குப் போவதானால், கைக்குக் கிடைத்த சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, குமாஸ்தா ஓய்வாக இருக்கும் காலை வேளையில் போங்கள்.