பெய்லி பாலம் மாடல் கிட்: பாலம் இருக்கு, நோஸ் இல்ல

2024 ஆகஸ்ட்ல வயநாடு சூரல்மலைல ராணுவ இன்ஜினியர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் 190 அடி பெய்லி பாலம் (ரெடிமேட் இரும்பு பேனல்கள சேத்து சீக்கிரமா போடற பாலம்) போட்டத டிவில பாத்ததுல இருந்து பையனுக்கு பெய்லி பாலம்னா பைத்தியம், சரின்னு ஆன்லைன்ல 1,850 ரூபா குடுத்து இந்த மெட்டல் கிட்ட வாங்கினேன். பிராண்ட் பேரு வேணாம் விடுங்க.

பேனல் எல்லாம் சூப்பர். நிஜ பேனல் ஒண்ணு 10 அடி நீளம், 260 கிலோ கிட்ட, ஆறு பேர் தூக்கிடலாம், சேக்கறதுக்கு வெல்டிங் கிடையாது, பின்ன சொருகினா முடிஞ்சுது. கிட்லயும் அதே மாதிரி குட்டி பின்னு. ஒண்ணு சோபாக்கு அடில போனா அரை மணி நேரம் தேடணும், எக்ஸ்ட்ராவா ரெண்டே ரெண்டு தான் வச்சிருக்கான் கஞ்சன்.

மாமனார் எம்இஜில (மெட்ராஸ் சாப்பர்ஸ் தான் அது) இருந்து ரிட்டயர் ஆனவரு. மேனுவல்படி ரெண்டு கரைலயும் பாதி பாதி கட்டி நடுவுல சேத்து வச்சத பாத்துட்டு "நோஸ் எங்க மாப்ள?"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. சண்டைல எதிர்க்கரைக்கு ஆள் போக முடியாது, கிரேனும் இருக்காது, அதனால மொத்த பாலத்தையும் இந்தப் பக்கமே உருளை மேல கட்டி, முன்னாடி பலகை போடாத வெறும் எலும்புக்கூடு மாதிரி ஒண்ண, அதான் நோஸ், நீட்டி, பின்னாடி வெயிட் ஜாஸ்தியா இருக்கான்னு பாத்துப் பாத்து தள்ளிட்டே போவாங்களாம். நுனி தொங்கும்ல, அதுக்காக மூக்க லேசா மேல தூக்கி வச்சே கட்டுவாங்க. அக்கரைக்குப் போனதும் கழட்டிடறது. இந்த ஐட்டமே கிட்ல இல்ல!

மேனுவல்ல வரலாறுன்னு ஒரு பக்கம், 1940ல டொனால்ட் பெய்லி டிசைன் பண்ணாருன்னு மட்டும் இருக்கு. 1780ல ஆரம்பிச்ச மெட்ராஸ் சாப்பர்ஸ் பத்தி ஒரு வரி இல்லன்னு மாமாவுக்கு கோவம். பாலம்னா பாலம் மட்டுமாடா, கண்ணிவெடி எடுக்கறதும் நாங்கதான்னு பேரன்கிட்ட 1944ல இத்தாலில கூட இருந்தவங்கள காப்பாத்த கண்ணிவெடி மேலயே விழுந்து செத்துப்போன சுபேதார் சுப்ரமணியன் கதைய சொன்னாரு, ஜார்ஜ் கிராஸ்ங்கற பிரிட்டிஷ் வீர விருது குடுத்தாங்க அவருக்கு. பையன் அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கூட வாயே திறக்கல.

மறுநாள் மிச்சமிருந்த பேனல்ல மூக்கு கட்டி, உருண்டை பென்சில் மேல வச்சு ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல தள்ளினோம். ரெண்டு தடவ குப்புற விழுந்துச்சு, அப்புறம் பின்பக்கம் ஒரு உப்பு பாக்கெட்ட வச்சதும் போய்ச் சேந்துச்சு.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். ஸ்பேர் பின் தனியா கிடைக்குமான்னு மெயில் போட்டு ஒரு வாரம் ஆச்சு, பதில் இல்ல.