கொலனோஸ்கோபில குடல் க்ளீனா இருக்கான்னு ஏஐ மார்க் போடுறது: யூஸ் பண்ணி பாத்த அனுபவம்

ஊட்டில ஒரு ஆஸ்பத்திரில எண்டோஸ்கோபி டெக்னீஷியனா இருக்கேன். கொலனோஸ்கோபின்னா ஆசனவாய் வழியா கேமரா வச்ச குழாய (ஸ்கோப்) விட்டு பெருங்குடல பாக்கறது. அந்த ஸ்கோப் கூடவே ஓடி குடல் சுத்தத்துக்கு மார்க் போடுற ஏஐ சாஃப்ட்வேர் வந்து வருஷம் தாண்டிடுச்சு, நல்லா பழகிட்டதால எழுதுறேன்.

குடல் எவ்வளவு சுத்தமா இருக்குன்னு அளக்க பாஸ்டன் ஸ்கேல்னு 2009ல வந்த கணக்கு ஒண்ணு இருக்கு, பெருங்குடலை வலது, நடு, இடதுன்னு 3 பாகமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 3 வரைக்கும் மார்க் (3னா நல்ல சுத்தம்), மொத்தம் 9, எந்த பாகமும் 2க்கு கீழ போகக்கூடாது, போனா சின்ன பாலிப் (குடல் சுவர்ல வளர்ற சதை) கண்ணுல சிக்காம தப்பிச்சிடலாம். முன்னாடி டாக்டர் சொல்லுவார் நான் எழுதுவேன், சாயங்கால கேஸ்னா பாதி பேருக்கு கண்ண மூடிக்கிட்டு 6 தான். இப்ப ஸ்க்ரீன் ஓரத்துல நம்பர் ஓடுது, அதுக்கு அசதியும் கிடையாது.

பெரிய தலைவலி நுரை. பித்தம் கலந்த நுரை கொஞ்சம் இருந்தாலே 1ன்னு காட்டும், சிமெதிகோன் (நுரைய உடைக்கிற மருந்து) கலந்த தண்ணி அடிச்சு உறிஞ்சினதும் அதே இடம் 3 ஆயிடும். பாஸ்டன் ஸ்கோரே கழுவின பிறகு ஸ்கோப்ப வெளிய இழுக்கறப்ப போடுறது தானே, இது உள்ள போறப்பவே கத்தினா என்ன பண்றது, அதனால இழுக்க ஆரம்பிச்சதும் தான் ஆன் பண்றோம். இன்னொண்ணு, நுரைக்கும் 1, கொய்யா விதைக்கும் அதே 1. நுரை கழுவினா போயிடும், விதை சக்‌ஷன் சேனல்ல, அதாவது ஸ்கோப்ல உறிஞ்சுற குழாய்ல, அடைச்சுக்கிட்டு நம்ம உயிர வாங்கும். மடிப்புக்கு பின்னாடி இருக்கறதும் தெரியாது, கேமரா காட்டாதத அது எங்க பாக்கும்.

உண்மையான லாபம் சேவ் ஆகி இருந்த மார்க்க வரிசையா பாத்தப்ப தான் தெரிஞ்சுது. கூடலூர், பந்தலூர் பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு இடது பக்கம் 3, வலது பக்கம் மட்டும் 1. குடல் க்ளீன் ஆக குடுக்கற பேதி மருந்த ராத்திரி பாதி, காலைல மீதின்னு குடிக்கணும், விசாரிச்சா யாரும் காலை டோஸ் குடிக்கறதில்ல. ஒரு பெரியவர் நேராவே கேட்டாரு, "தம்பி, அத குடிச்சிட்டு நடுவட்டம் ரோட்டுல பஸ்ல எப்படிப்பா வர்றது, எங்க இறங்குறது?" நியாயம் தானே. ராத்திரி மட்டும் குடிச்சா விடியறதுக்குள்ள சிறுகுடல்ல இருந்து பித்தமும் சளியும் இறங்கி வலது பக்கம் படிஞ்சிடும், அதுக்கு தான் காலைல மீதி. இப்ப அந்த பக்கத்து ஆளுங்கள முந்தின நாளே அட்மிட் பண்ணிடுறோம், இங்க இருக்க குளிருல விடியக்காலைல அந்த உப்புத்தண்ணிய லிட்டர் கணக்குல குடிக்க வைக்கிறது சிஸ்டர் பாடு, ஆனா வலது பக்கம் 2க்கு வந்துடுது.

கேஸ் நிறைய இருக்கற இடம்னா வாங்கலாம். டெமோவுக்கு வர்றவங்க பளிச்சுன்னு இருக்க குடல் வீடியோ தான் போடுவாங்க, உங்க கேஸ்லயே நுரை வர்ற வீடியோவ குடுத்து ஓட்ட சொல்லுங்க.