கம்பியை விட்டதும் தண்ணீர் கறுத்தால் பயந்து பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

"உங்கள் வீட்டுத் தண்ணீரை இலவசமாகச் சோதித்துக் காட்டுகிறோம்" என்று யாராவது வந்தால், அவர்களை உள்ளே விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்தார். அன்றைக்கு ஏமாந்தது ஒரு முறை. அதன்பிறகு சர்வீஸ் என்ற பெயரில் இன்னும் இரண்டு முறை.

வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் குழாயில் ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்தார். தான் கொண்டுவந்த பாட்டிலில் இருந்து இன்னொரு டம்ளரை நிரப்பினார். இரண்டும் ஒரே மாதிரி தெளிவாக இருந்தன. பிறகு பையில் இருந்து ஒரு கருவியை எடுத்து இரண்டு டம்ளருக்கும் குறுக்கே வைத்தார். அதிலிருந்து ஒரு டம்ளருக்கு இரண்டாக நான்கு உலோகக் கம்பிகள் தண்ணீருக்குள் இறங்கின. சுவிட்சைப் போட்டதும், எங்கள் டம்ளரில் கம்பியை ஒட்டி மஞ்சளாக ஏதோ வழிந்து இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அது பழுப்பாகி, பச்சையும் கறுப்புமாகத் திரிந்து, மேலே நுரையும் கட்டிவிட்டது. அவருடைய டம்ளர் அப்படியே இருந்தது. "இதைத்தான் அம்மா இத்தனை நாளாகக் குடிக்கிறீர்கள்" என்றார். அம்மா திரும்பி என் குழந்தையைப் பார்த்தார். அதன்பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. அவர் விற்க வந்த ஆர்ஓ இயந்திரத்துக்கு (தண்ணீரை மெல்லிய சவ்வின் வழியாக அழுத்தி, கரைந்த உப்புகளை வடிகட்டுவது) அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

வேதியியல் பாடம் எடுக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னது பல மாதங்கள் கழித்துத்தான். அவர் எங்கள் வீட்டுக்கே வந்து, அதே போல இரும்புக் கம்பிகளைக் கொண்டு செய்து காட்டினார். (இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்காதீர்கள், மின்சாரம் சம்பந்தப்பட்ட விஷயம்.) முதலில் எங்கள் ஆர்ஓ இயந்திரத்தின் தண்ணீரில் கம்பிகளை விட்டார். ஒன்றும் ஆகவில்லை. அதே டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கினார். உடனே மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு அதே அசிங்கமான கசடு. எதைச் சுத்தமான தண்ணீர் என்று எங்களுக்கு விற்றார்களோ, அதே தண்ணீர்.

விஷயம் இவ்வளவுதான். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும். கரைந்த இரும்பு துரு மாதிரி திரண்டு நிற்கும். அந்தக் கசடு தண்ணீரில் இருந்து வந்ததே இல்லை, கம்பியில் இருந்து வந்தது. குழாய்த் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் போன்ற உப்புகள் இயல்பாகவே கரைந்திருப்பதால் மின்சாரம் பாய்கிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டதால் அநேகமாகப் பாய்வதில்லை. எந்தத் தண்ணீர் நல்லது, எது கெட்டது என்பதை இந்தச் சோதனை காட்டவே காட்டாது.

விற்க வந்தவர் அன்றைக்கு டிடிஎஸ் மீட்டர் என்ற ஒன்றையும் நீட்டினார். எங்கள் தண்ணீருக்கு 280 காட்டியது. "ஐம்பதைத் தாண்டினாலே விஷம்" என்றார். இது அப்பட்டமான பொய். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு. அது லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் பொதுவாகக் குடிக்க நன்றாகவே இருக்கும், 1000க்கு மேல் போனால்தான் ருசி கெடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடல்நலத்தை வைத்து இதற்கு அவர்கள் ஒரு வரம்பே விதிக்கவில்லை. மீட்டரும் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. கிருமி அதற்குத் தெரியாது. ஈயத்துக்கு அந்த நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல நூறு மடங்கு ஈயம் இருந்தாலும் மீட்டரில் ஒரு எண் கூடினால் அதிகம். குறைந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதும் தப்பு, கூடுதல் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதும் தப்பு.

சரி, வாங்கியது வாங்கியாகிவிட்டது, ஒழுங்காகவாவது வேலை செய்யட்டும் என்று இருந்தோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸ் என்று ஆள் வந்தார். இரண்டு முறையும் ஃபில்டர், மெம்பிரேன் (உப்பை வடிகட்டும் அந்தச் சவ்வு) எல்லாம் மாற்றியதாக பில் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. போன மாதம் தண்ணீரில் லேசாகப் பாசி வாடை அடித்தது. இயந்திரத்தின் கீழே கசிவும் இருந்ததால் தெரிந்த பிளம்பரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். வெள்ளையாக இருக்க வேண்டிய முதல் ஃபில்டர் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. விரலால் தொட்டேன், வழவழவென்று ஒட்டியது. மெம்பிரேன் கூட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் இயந்திரம் பொருத்திய நாளின் தேதி அப்படியே இருந்தது, பேனாவில் எழுதிய அதே கையெழுத்து. இரண்டு பில்லும் என் கையில் இருந்தன. மாற்றியதாகச் சொன்ன எதையும் மாற்றவில்லை.

அப்புறம்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் குழாய்த் தண்ணீரையும் இயந்திரத் தண்ணீரையும் தனித்தனியாகக் கொடுத்தேன். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் மருந்து இருக்கும். அது தண்ணீரில் உள்ள குளோரினை முறிப்பதற்காகப் போட்டது, அழுக்கு என்று கழுவி ஊற்றிவிடாதீர்கள். குழாயின் வாயைத் துடைத்து, சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டிலின் உட்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் தொடாமல் பிடித்து, குளிர்ச்சி குறையாமல் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

முடிவைப் படித்ததும் கை நடுங்கியது. குழாய்த் தண்ணீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை கிருமி இல்லை, தண்ணீரின் சுத்தத்தைப் பார்க்கச் சோதிக்கும் கோலிஃபார்ம் கிருமிகளும் இல்லை, ஈயம், ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் வரம்புக்குள். இயந்திரத்தின் தண்ணீரில்தான் கோலிஃபார்ம் இருந்தது. ஏன் என்று ஆய்வகத்தில் கேட்டேன். குழாயில் வரும் தண்ணீருக்குக் காவலாக இருப்பது குளோரின். இயந்திரத்தில் உள்ள கரி ஃபில்டர் முதலில் அதை எடுத்துவிடுகிறது. காவல் போன தண்ணீர் உள்ளே இருக்கும் டேங்கில் நாள்கணக்கில் தங்குகிறது. மாற்றாமல் விட்ட ஃபில்டரோ கிருமி வளர வசதியான இடம். நல்ல தண்ணீரைக் காசு கொடுத்துக் கெடுத்துக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறோம். இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

ஆர்ஓவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் உப்புக் கரித்தால், ஆர்செனிக்கோ ஃபுளோரைடோ நைட்ரேட்டோ வரம்பைத் தாண்டியிருந்தால் அது உண்மையிலேயே உதவும். அவற்றைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே போதும். ஆக, உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எந்த இயந்திரம் என்ற பேச்சே வர வேண்டும். விற்க வந்தவரே சோதித்துச் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால், சர்வீஸ் செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். புது ஃபில்டரின் உறையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பழையதை வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவர் கையில் திருப்பிக் கொடுக்காதீர்கள். மெம்பிரேனின் வரிசை எண்ணை ஃபோனில் படம் எடுத்து, போட்ட தேதியை அதன் மேலேயே எழுதுங்கள்.

நிறுவனத்துக்கு இரண்டு பில், சீட்டின் படம், ஆய்வக அறிக்கை எல்லாவற்றையும் வைத்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். "இலவசமாக ஃபில்டர் மாற்றித் தருகிறோம்" என்று இரண்டு முறை ஃபோன் வந்தது. எழுத்தில் பதில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன், இன்னும் வரவில்லை. அதுவரை இயந்திரத்தின் ப்ளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறோம். குழாயில் பிடித்ததையே கழுவிய பாத்திரத்தில் மூடிவைத்துக் குடிக்கிறோம்.