பெரிங்கர் எக்ஸ்ஆர்18: ஆலய நேரலைக்கு வேறு அறையிலிருந்து ஒலிக்கலவை

ஆலயத்துக்குள் பாடற்குழுவின் குரலும் ஆர்கனும் சுவர்களில் மோதி இயல்பாகவே நிறைந்துவிடுவதால், அங்கே இனிமையாகக் கேட்கும் கலவையை அப்படியே யூடியூபுக்கு அனுப்பினால், வீட்டிலிருப்போருக்குப் பிரசங்கம் உரத்தும் பாடல் மெலிந்தும் ஒலிக்கும். ஆகவே நேரலைக்கெனத் தனிக் கலவையை வேறு அறையில் ஹெட்ஃபோனில் கேட்டபடி செய்வதே முறை.

அதற்கு எக்ஸ்ஆர்18 நன்கு பொருந்துகிறது. 16 மைக் உள்ளீடுகள் கொண்ட இந்த ஒலிக்கலவைக் கருவியில் (மிக்சர்) ஒலியளவைக் கூட்டிக் குறைக்கக் கையால் நகர்த்தும் ஃபேடர்களே இல்லை. டேப்லெட்டிலோ கணினியிலோதான் இயக்க வேண்டும். முதன்மைக் கலவையிலிருந்து வேறான கலவைகளை அனுப்பும் ஆறு ஆக்ஸ் வெளியீடுகளில் இரண்டை ஸ்டீரியோவாக இணைத்து, ப்ரீ-ஃபேடரில் (ஃபேடருக்கு முன்னரே ஒலியை எடுக்கும் அமைப்பில்) வைத்து நேரலைக்கு ஒதுக்கினால், ஆலயக் கலவைக்கான ஃபேடரைத் திரையில் ஏற்றினாலும் இறக்கினாலும் நேரலை அசையாது. சபையார் பாடுவதைப் பிடிக்க ஒரு ஜோடி மைக்குகளைத் தொங்கவிட்டு, இந்தக் கலவையில் மட்டும் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். அவை இல்லையேல் ஆராதனை ஆளில்லாத கூடத்தில் நடப்பதுபோல் தோன்றும்.

உள்ளமைந்த வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்குவதால், கைப்பேசிகள் நிறைந்த ஞாயிறு காலையில் அதை நம்புவதைவிட, ஈதர்நெட் வழியே தனி ரவுட்டரை இணைப்பது நல்லது. விலைக்கு இது சிறந்த கருவியே. ஆனால் உள்ளீட்டு கெயின் (மைக்கிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) இரு கலவைகளுக்கும் பொதுவானது என்பதால், ஆராதனை தொடங்கிய பின் ஆலயக் கலவையைச் செய்பவரும் நேரலைக் கலவையைச் செய்பவரும் அதைத் தொடக் கூடாது.