ஒற்றைத் தலைவலி மாத்திரையும் அம்மாவின் கை நடுக்கமும்

வீட்டில் யாராவது ஒற்றைத் தலைவலிக்கு ஃப்ளூனரிசின் என்ற மாத்திரையை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி வேறு பெயரில் விற்பார்கள். அட்டையைத் திருப்பி, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

அம்மாவுக்கு வயது 61. இருபது வருடத் தலைவலி. வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, பக்கத்தில் வாந்திக்கு ஒரு வாளியோடு இருட்டில் கிடப்பார். எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் 10 மில்லிகிராம், இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். "கொஞ்சம் தூக்கம் வரும்" என்றார். அவ்வளவுதான். எத்தனை மாதம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தலைவலி குறைந்தது, அதில் பொய் சொல்லக் கூடாது. குறைந்ததுதான் வினையாகப் போயிற்று. பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் காலி அட்டையே போதும் என்றாகிவிட்டது. இப்படிப் பதினான்கு மாதம்.

முதலில் எடை கூடியது. ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்தோம். அப்புறம் பேச்சு குறைந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகை வாங்கிக் கட்டுகிறவர், "உதிரியாவே சாமி படத்துக்குப் போட்டுரு" என்றார். சலிப்பு என்று நினைத்தோம். விரல் ஓடவில்லை என்பது எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு வலது கை நடுங்கியது, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார், பேரன் சேட்டை செய்தாலும் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

அதே டாக்டரிடம் கூட்டிப்போனோம். "வயசாகுதுல்ல, நடுக்குவாதம் ஆரம்பிக்குது" என்று அதற்கான லெவோடோபா மாத்திரையை எழுதினார். தலைவலி மாத்திரை அப்படியே தொடர்ந்தது. தான் எழுதிய சீட்டைத் தானே ஒரு தடவை பார்த்திருக்கலாம். ஒரு மருந்து செய்த கோளாறுக்கு இன்னொரு மருந்து. என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

சொந்தக்காரர் சொல்லி ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். "வீட்ல இருக்கிற எல்லா அட்டையையும் கொண்டாங்க" என்றார். மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோனதில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார். அந்தத் தலைவலி மாத்திரைதான். உடம்பின் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் வேலை செய்வதை அது தடுக்கக்கூடியதாம். அதனால் நடுக்குவாதம் போலவே வரும், வயதானவர்களுக்கு இன்னும் எளிதாக வரும். இரண்டு மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும். பலன் இருந்தாலும் ஆறு மாதத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு வந்து போனவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்றார். சித்தி இறந்த வருடம் அம்மா மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டவர். முதல் டாக்டர் அதைக் கேட்கவே இல்லை.

நிறுத்தினோம். உடம்பை விட்டு அது முழுதாகப் போகவே வாரக்கணக்காகும் என்றார்கள். நடுக்கம் அடங்க ஐந்து மாதம் ஆனது. லெவோடோபாவையும் சட்டென்று விடக் கூடாது என்று படிப்படியாகக் குறைத்தார்.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே நீங்களாக எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஃப்ளூனரிசினோடு, ஒற்றைத் தலைவலிக்கே கொடுக்கும் ப்ரோப்ரனலால் என்ற இன்னொரு மருந்து சேர்ந்த மாத்திரைகளும் உண்டு. ப்ரோப்ரனலாலைத் திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. ஆஸ்துமாக்காரர்களுக்கோ அது ஆகவே ஆகாது. அட்டையோடு டாக்டரிடம் போய், எத்தனை மாதம் என்று கேளுங்கள். கை நடுங்கினாலோ, நடை மாறினாலோ, கலகலப்பான ஆள் பேசாமல் உட்கார்ந்தாலோ அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

மருந்துக்கடையிலும் போய்ச் சத்தம் போட்டேன். சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறதே என்றேன். "நீங்க கேட்டீங்க, குடுத்தோம் சார்" என்றார் கடைக்காரர். எனக்குப் பதில் வரவில்லை. மாதாமாதம் காலி அட்டையோடு அங்கே போய் நின்றது நான்தான்.